வழியின் மோசமான கிலோமீட்டர்

சைக்கிள் வாங்கக் கடைக்கு வருபவரை உட்காரவைத்து நான் முதலில் கேட்கும் கேள்வி: "நீங்க வழக்கமாப் போற வழியில ரொம்ப மோசமான கிலோமீட்டர் எதுங்க?" இந்தக் கேள்வியைப் பலரும் எதிர்பார்த்து வருவதில்லை. கார்பனா அலுமினியமா, எத்தனை கிலோ, எத்தனை கியர் என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டு வந்திருப்பார்கள். கேட்டதும் சற்று யோசித்து, தொண்டாமுத்தூர் பக்கம் குழாய் பதிக்கத் தோண்டி வெறும் மண்ணைத் தள்ளி மூடிய இடத்தைச் சொல்வார்கள். பொள்ளாச்சிக்காரர் என்றால் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் கரை. பல்லடம் பக்கத்து ஆள் என்றால் மழைக்குப் பிறகு கரிசல் மண் அப்பிக்கொள்ளும் தோட்டத்துத் தடம்.

அந்த ஒரு கிலோமீட்டருக்குப் பொருந்தும் சைக்கிள் மீதி ஐம்பது கிலோமீட்டருக்கும் பொருந்தும். மீதி ஐம்பதுக்கென்று வாங்கினால், அந்த ஒரு கிலோமீட்டருக்குப் பயந்து வழியை மாற்ற ஆரம்பிப்பீர்கள். கொஞ்ச நாளில் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை மட்டும்தான் உங்கள் வழியாக மிஞ்சும். கோவையைச் சுற்றி இருக்கிற நல்ல வழிகளெல்லாம் வாய்க்கால் கரையிலும் தோப்புகளுக்கு நடுவிலும்தான் இருக்கின்றன. அவற்றை இழப்பது எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இந்தக் கேள்வி டயர் இடைவெளி பற்றியது. சீட்டை மாற்றலாம், ஹேண்டில்பாரை மாற்றலாம், கியரை மாற்றலாம், சக்கரத்தையே மாற்றலாம். முன்ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவிலும், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்களுக்கு நடுவிலும் ஃபிரேம் செய்தவர் விட்ட இடத்தை மட்டும் யாராலும் மாற்ற முடியாது. 28 மில்லிமீட்டர் டயர் வரை மட்டுமே நுழையும் ஃபிரேமை வாங்கியவரால் ஆயுளுக்கும் 28-ஐத் தாண்ட முடியாது. 40 நுழையும் ஃபிரேமில் 28-ம் போடலாம், 32-ம் போடலாம், 40-ம் போடலாம்.

கம்பெனி அச்சிட்ட அளவை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. 40 என்று எழுதிய டயர் அகலமான ரிம்மில் ஏறினால் 42-க்குப் போய்விடும். சக்கரத்தை மாட்டி, தேவையான அளவுக்குக் காற்றை அடித்து, டயருக்கும் குழாய்க்கும் நடுவே 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியை நுழைத்துப் பார்ப்பேன். இரண்டு பக்கமும், மேலே ஃபோர்க் வளைவுக்குக் கீழும், சாவி உரசாமல் முழுச் சுற்றும் வர வேண்டும். ஸ்போக் ஒன்று தளர்ந்து ரிம் லேசாகக் கோட்டம் விழுந்தாலும் அந்த 4 மில்லிமீட்டர் காப்பாற்றும். கரிசல் தடத்தில் ஓட்டுபவருக்கு 4 போதாது. அந்த மண் டயரில் ஒட்டி, அதன்மேல் கூழாங்கல் ஒட்டி, குழாயின் பெயின்டைச் சுரண்டித் தகடு தெரியும்வரை தேய்த்த ஃபிரேம்களை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு 6 மில்லிமீட்டராவது வேண்டும்.

நான் இந்த வேலையைக் கற்றது மாமாவின் வாடகை சைக்கிள் கடையில். பஞ்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, வருஷத்துக்கொரு முறை சைக்கிளை மொத்தமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி பால்ரஸ் மாற்றி ஓவராயில் செய்வது, எல்லாம் அங்கேதான். அங்கிருந்த கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிள்களில் எல்லாம் 28 × 1½ டயர்தான். சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் நாடு முழுக்க அனுப்பிய சைக்கிள்கள் அவை. அந்த டயரின் அகலம் சுமார் 40 மில்லிமீட்டர். ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருக்கும், சக்கரங்களுக்கு இடையிலான நீளம் அதிகம், பின்னால் மூட்டை ஏற்றினாலும் ஆடாது. சாலைக்கும் மண்பாதைக்கும் சேர்த்து இன்றைக்குக் கிராவல் சைக்கிள் என்று விற்கப்படுவதன் குணங்களில் பாதி, பால்காரர்கள் ஓட்டிய அந்தச் சைக்கிளிலேயே இருந்தது. அந்த டயர் இப்போதைய சைக்கிளில் ஏறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். பழையது ரிம்மில் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், இப்போதைய 700சி-யில் அது 622.

பிறகுதான் ரேஸ் சைக்கிள்கள் வந்தன. 23 மில்லிமீட்டர் டயர், 110 பிஎஸ்ஐ காற்று, கல் மாதிரி இருக்கும். மெல்லிய டயர்தான் வேகம் என்ற எண்ணம் அப்போது வேர்விட்டது, இன்னும் முழுசாகப் போகவில்லை. டயர் கெட்டியாக இருந்தால் வழவழப்பான மேடையில் அது குறைவாக நசுங்கும், உருளத் தடை குறையும். அது நிஜம்தான். ஆனால் ரோடு மேடை அல்ல. ஒவ்வொரு ஜல்லி முனையிலும் சைக்கிளும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கி எறியப்படுகிறார்கள், அந்த அதிர்வைத் தொடைச் சதையும் முதுகுச் சதையும் வாங்கிச் சூடாக்கி வீணடிக்கின்றன. அதற்குச் செலவாகும் சக்தி பெடலை மிதித்த சக்தியிலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து 'பைசிக்கிள் குவாட்டர்லி' இதழை நடத்தும் யான் ஹைன், நெடுஞ்சாலை ஓரத்து அதிர்வுப் பட்டைகளின்மேல் ஆட்களை ஓட்டவைத்துச் சோதித்து இந்த இழப்பை அளந்து காட்டினார். தொழில்முறைப் பந்தயக்காரர்களும் 23-ஐ விட்டுவிட்டு இன்று 28-க்கும் அதற்கு மேலும் வந்துவிட்டார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 டயரில் 75 பிஎஸ்ஐ அளவில் ஆரம்பிக்கச் சொல்வேன், 40 டயரில் 40 பிஎஸ்ஐ-க்கும் கீழே. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "காத்தே இல்லீங்களே" என்று திரும்பி வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்புவேன்.

அடுத்தது உடம்பு. கடையில் எனக்கு அதிக நேரம் பிடிப்பதும் எனக்கு அதிகம் பிடித்ததும் இந்த வேலைதான்.

பேரூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். தம்பி வாங்கிக் கொடுத்த நல்ல விலை சைக்கிள், 54 அளவு. ஓட்டினால் கழுத்து வலிக்கிறது, திரும்பும்போது ஷூ முனை முன்சக்கரத்தில் இடிக்கிறது.

"தம்பி, எனக்கு சைக்கிளே சரிப்படாதுங்களா?"

"உங்களுக்குச் சரிப்படாதது இந்தச் சைக்கிள்தாங்க டீச்சர். செருப்பைக் கழட்டிட்டுச் சுவர் ஓரமா நில்லுங்க."

தடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்து, கூட வந்திருந்த மகளைவிட்டுக் கால்களுக்கு நடுவே சீட் மாதிரி அழுத்திப் பிடிக்கச் செய்தேன். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் தொட்ட இடத்தில் பென்சில் கோடு. தரையிலிருந்து கோடு 71 சென்டிமீட்டர், ஆள் உயரம் 154. உட்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் இரண்டு பெடலும் சுற்றும் நடு அச்சான பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் உச்சிவரை வைக்க வேண்டிய உயரம் வரும். இவருக்குச் சுமார் 62.7. இது தொடக்கப் புள்ளிதான், முழங்கால் சொல்வதைக் கேட்டு மேலே கீழே நகர்த்த வேண்டும். அவர் கொண்டுவந்த ஃபிரேமில் சீட்டை அந்த உயரத்துக்கு இறக்கினால் சீட் கம்பி கிட்டத்தட்ட முழுசாக உள்ளே போய்விட்டது. ஹேண்டில்பாரோ சீட்டைவிட மேலேயும், எட்டாத தூரத்திலும் நின்றது.

54, 56 என்ற எண்களைவிட ஃபிரேமின் இரண்டு அளவுகளைத்தான் பார்க்க வேண்டும். பெடல் அச்சிலிருந்து செங்குத்தாக மேலே ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். அதே அச்சிலிருந்து அந்த உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். எந்தக் கம்பெனியானாலும் இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் உட்காரும் வாகு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஆசிரியையின் பழைய சைக்கிளில் ரீச் 385 மில்லிமீட்டர். அவருக்கு 360-க்குப் பக்கத்தில் போதும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையாகப் போட்டு ஒப்பேற்றலாமே என்று அவருடைய தம்பி கேட்டார். ஸ்டெம்மைக் குறைத்தால் கை எட்டும், கால் முனை இடிப்பது நிற்காது.

அந்த இடிப்புக்கு வழி காட்டுவது கிராவல் சைக்கிளின் வடிவம். அதில் முன்ஃபோர்க் 70, 71 டிகிரி என்று நன்றாகச் சாய்ந்திருக்கும், பெடலிலிருந்து முன் அச்சுவரை உள்ள தூரம் கூடுதலாக இருக்கும். குள்ளமானவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சாலைப் பந்தயச் சைக்கிளின் சின்ன அளவைவிட கிராவல் சைக்கிளின் சின்ன அளவு பொருந்துவதற்கு இதுதான் காரணம். சின்னச் சக்கரமான 650பி போட்டால் தீருமா என்றும் கேட்பார்கள். 650பி ரிம்மின் விட்டம் 584. அதில் 47 மில்லிமீட்டர் டயர் போட்டால் மொத்த விட்டம் 678. 700சி ரிம்மில் 28 போட்டாலும் அதே 678-தான். ஆகவே கால் முனைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமாகாது. 650பி-யில் 38 மாதிரி மெல்லிய டயர் போட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

அவருக்கு மிகச்சிறிய அளவு அலுமினிய ஃபிரேம் ஒன்றை வரவழைத்தோம். 165 மில்லிமீட்டர் கிராங்க், 38 சென்டிமீட்டர் அகல ஹேண்டில்பார். பிரேக் லீவர் விரலுக்கு எட்டும்படி லீவருக்குள் ஒளிந்திருக்கும் சின்னத் திருகை உள்ளே திருப்பிக் கொடுத்தேன். இந்தத் திருகு இருப்பதே பலருக்குத் தெரியாது. விரல் எட்டாமல் இறக்கத்தில் பயந்து பயந்து ஓட்டுகிறவர்களுக்கு அதைத் திருப்ப இரண்டு நிமிடம் போதும். எந்தக் கடையிலும் உரிமையோடு கேளுங்கள்.

வளைந்த ஹேண்டில்பார் அவசியமா என்று கேட்பவர்களுக்கு ஆடிக் காற்றைத்தான் சொல்வேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வாளையார் பக்கம் மேற்கு நோக்கி மிதித்துப் பார்த்தவருக்குத் தெரியும், குனிந்து கீழ்ப்பிடியைப் பிடிக்க முடிவது எவ்வளவு பெரிய வரம் என்று. நேர்பாரில் நெஞ்சு முழுதும் காற்றை வாங்கும். நகருக்குள் மட்டும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால் நேர்பாரே போதும், காசும் மிச்சம்.

மலை இருக்கும் ஊரில் சைக்கிள் விற்பவன் கியர் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். விளம்பரத்தில் 20 கியர், 22 கியர் என்று போடுகிறார்கள். அந்த எண்ணிக்கையால் மலையில் பயனில்லை. மிகச் சுலபமான ஒரே ஒரு கியர் எவ்வளவு சுலபம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். முன்னால் மிகச்சிறிய பல்சக்கரத்தின் எண்ணைப் பின்னால் மிகப்பெரியதன் எண்ணால் வகுத்துப் பாருங்கள். முன்னால் 34, பின்னால் 28 என்றால் 1.2. முன்னால் 30, பின்னால் 34 என்றால் 0.9-க்கும் கீழே.

இது காலில் எப்படித் தெரியும் என்று ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 60 சுற்று என்பது வசதியாக மிதிப்பதன் அடிமட்டம். 34-க்கு 28 கியரில் அந்த வேகத்தில் மிதித்தால் சைக்கிள் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகும். 8 சதவீத ஏற்றத்தில், சைக்கிளோடு சேர்த்து 84 கிலோ என்றால், அதற்கு ஏறக்குறைய 180 வாட் வேண்டும். 30-க்கு 34 கியரில் மணிக்கு 7 கிலோமீட்டர், 140 வாட் போதும். பயிற்சி எடுத்த இளைஞர் 180-ஐ ஒரு மணி நேரம் தாங்குவார். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிற நாற்பத்தைந்து வயதுக்காரரால் முடியாது. மெதுவாக மிதித்து முழங்காலை நோகடித்துக்கொள்வார், இல்லையென்றால் இறங்கித் தள்ளுவார்.

சின்ன கியர் போட்டுக்கொள்வதை இன்னும் சிலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். இந்த எண்ணம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி (1853–1930) பிரான்சின் செந்த்-எத்தியென் ஊரில் இருந்துகொண்டு, மலைப்பாதைக்குப் பல கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார், தானே ஓட்டிக் காட்டினார். பந்தய உலகம் அதைப் பலவீனர்களின் கருவி என்று ஒதுக்கியது. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றியை அனுமதிக்க 1937 வரை ஆனது. நாற்பது வளைவையும் பேசிக்கொண்டே ஏறி, வால்பாறையில் தேநீர் குடித்துவிட்டு, தெம்போடு இறங்கி வர வேண்டும். அதற்கு வேண்டிய பல்லை எண்ணித்தான் நான் சைக்கிளைக் கொடுக்கிறேன்.

இறங்குவதற்கு டிஸ்க் பிரேக். இதில் இப்போது விவாதமே இல்லை. சாலைப் பந்தயங்களில் சர்வதேச சைக்கிள் சங்கம் 2018-இல் அதை முறையாக அனுமதித்ததோடு பெரிய கம்பெனிகள் ரிம் பிரேக் ஃபிரேம்களை நிறுத்த ஆரம்பித்துவிட்டன. அகல டயருக்கு இடம் கிடைத்ததும் அதனால்தான். கேபிள் டிஸ்க் நகருக்குப் போதும், மலை இறங்குபவர் ஆயில் பிரேக்கே வாங்கட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஷிமானோ பிரேக்கில் மினரல் ஆயில், ஸ்ராம் சாலை பிரேக்கில் டாட் திரவம். ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல் கெட்டு பிரேக்கே போய்விடும். பைக் மெக்கானிக்கிடம் அவசரத்துக்குக் கொடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஃபிரேம் எதனால் செய்தது என்பதைப் பற்றி ஆட்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அதில் சொல்ல அதிகமில்லை. அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க். கொடுக்கிற காசுக்கு இதைவிட நியாயமான சேர்க்கை இல்லை. இரும்பில் ஓட்டப் பிரியம் உள்ளவர்கள் குரோமோலி எஃகு வாங்கட்டும், அது தலைமுறைக்கும் நிற்கும். முழுக் கார்பனில் மிச்சமாகும் ஒரு கிலோவைவிட, அதே பணத்தில் வாங்கும் நல்ல டயரும் இலகுவான சக்கரமும் ஓட்டத்தில் அதிகம் தெரியும்.

அதைவிட முக்கியம், கெட்டால் இங்கே சரிசெய்ய முடியுமா என்பது. பெடல் அச்சு உட்காரும் கூட்டில் மரை இருக்கிறதா, அடித்து இறக்கும் வகையா என்று பாருங்கள். பி.எஸ்.ஏ. மரை என்று எல்லோரும் சொல்வது 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரியும் கொண்டது. பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் பையன்கள் ஆசைப்பட்ட பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிளின் பெயரும் அங்கிருந்து வந்ததே. வலப்பக்கக் கப்பு இடமரை என்பதை மறக்காத எந்த மெக்கானிக்கும் அதைக் கழற்றி மாட்டிவிடுவார். அடித்து இறக்கும் வகையில் கூட்டின் அளவு துளி பிசகினாலும் ஒவ்வொரு மிதிக்கும் கிரீச்சென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தேடி நான் கழித்த மதியங்கள் அதிகம்.

பின் கியர் மாற்றியைப் பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டை, சைக்கிள் வாங்கும் அன்றே இன்னொன்று வாங்கிச் சீட் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான், ஃபிரேமைக் காப்பாற்றத்தான் அதை மென்மையாகச் செய்கிறார்கள். மாடலுக்கு மாடல் வேறுவிதமாக இருப்பதால் வழியில் எங்கும் கிடைக்காது. மட்கார்டும் கேரியரும் மாட்ட ஃபிரேமில் துளைகள் இருக்க வேண்டும். மழையில் வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

டியூப்லெஸ் வேண்டுமா என்பதற்கு நெருஞ்சி பதில் சொல்லும். மழைக்குப் பின் வாய்க்கால் கரையில் மஞ்சள் பூவோடு படர்ந்து, காய்ந்ததும் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும்படி காய் போடுகிற செடி அது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள் ஓட்டுபவர்களையும் இதே செடிதான் வதைக்கிறது. டியூப் டயரில் நெருஞ்சிக் காட்டைத் தாண்டினால் இரண்டு டயரும் படுத்துவிடும். டியூப்லெஸ் டயருக்குள் இருக்கும் ரப்பர் பால் முள் குத்திய துளையை அப்போதே அடைத்துவிடும். பல நேரம் முள் குத்தியதே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். முள்ளை வழியில் பிடுங்காதீர்கள், வீட்டில் காற்றுப் பம்பு பக்கத்தில் இருக்கும்போது பிடுங்குங்கள். நம் வெயிலில் அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை வால்வு வழியாக ஊற்ற வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவருக்கு டியூப்பே நல்லது. நான் வற்புறுத்துவதில்லை.

சாலைக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று என இரண்டு சைக்கிள் வேண்டுமா என்பார்கள். பிரெவே என்ற நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டர் போகிறவருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம் இருக்கிறது. 28 அல்லது 32 டயர் போட்ட கிராவல் சைக்கிளில் அதை நிம்மதியாக முடிக்கலாம். குழுவாகப் பந்தய வேகத்தில் ஓட்டுகிறவருக்குத்தான் தனிச் சாலை சைக்கிள் தேவை. மற்றவர்களிடம் இன்னொரு ஜோடி சக்கரம் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மாற்ற ஐந்து நிமிடம். இரண்டு ஜோடியிலும் ஒரே மாதிரி டிஸ்க்கும் கேசட் எனும் பின் பல்சக்கரத் தொகுதியும் இருந்தால் பிரேக்கையும் கியரையும் பெரிதாகத் தொட வேண்டியதில்லை.

அண்ணா, உங்களுக்கென்று வாங்கினால் எதை வாங்குவீர்கள் என்று கல்லூரிப் பையன்கள் கேட்கிறார்கள். மரை வைத்த கூடு, 45 மில்லிமீட்டர் டயர் நுழையும் அலுமினிய ஃபிரேம், முன்னால் 46-30, பின்னால் 11-34, ஆயில் டிஸ்க், முழு மட்கார்டு. மீதிப் பணத்தில் காற்றழுத்தமானி வைத்த நல்ல தரைப்பம்பு ஒன்று. மேட்டுப்பாளையம் பக்கம் போகும் வாரம் 32 டயர், மற்ற நாளெல்லாம் 40. நிறம் எதுவானாலும் சரி.